குட்டி ஆமைக்கு ஈரமும் வேண்டும், சூடும் வேண்டும்



வாடகை வீடுகளில் நாயும் பூனையும் வளர்க்க அனுமதி கிடைப்பது கடினம். பிள்ளைகளோ புதிய நாட்டிலே, புதிய பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது தமக்கென்று ஓர் உயிர் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இப்படித்தான் சான் ரமோன் பக்கத்து எமது வீடுகள் சிலவற்றில் ஆமைக்குஞ்சுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. "காலில் தோல் உரிகிறது, வருத்தமா?" "முதுகு ஓடு கூம்பு கூம்பாக எழும்புகிறதே?" "அடிப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது, எண்ணெய் பூசலாமா?" "ஈரத்தில் வைப்பதா, காய வைப்பதா?"

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மம்மாமார் முணுமுணுப்பதும் எமக்குத் தெரியும். வீட்டைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது ஆமையைப் பற்றித்தான். முதல் இரண்டு வருடங்களில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் அதன் ஓட்டிலே எழுதப்பட்டுவிடும். பிறகு அழித்து எழுத முடியாது.

முதலில், எந்த ஆமை?

எமது மொழியில் கடலாமை, குளத்தாமை, தரையாமை எல்லாமே 'ஆமை'தான். கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று ஊரில் ஆமை பிடித்துக் கிணற்றில் விட்டதை மூத்தவர்கள் அறிவார்கள். அது நீரில் வாழும் சாதி. இங்கே 'டோர்ட்டஸ்' என்று சொல்லப்படுவது தரையாமை. அதற்கு நீந்தத் தெரியாது. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டால் மூழ்கி இறந்துவிடும். கால்களைப் பாருங்கள். யானைக்கால் போல உருண்டு திரண்டிருந்தால் தரையாமை. விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் நீராமை. இன்று நாம் எழுதுவது தரையாமைக்குஞ்சைப் பற்றி மட்டுமே.

தரையாமையிலும் இனங்கள் பல. கலிபோர்னியா வீடுகளில் அதிகம் காணப்படுவது ஆபிரிக்காவின் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வரண்ட நிலத்தைச் சேர்ந்த சல்காட்டா. பொரிக்கும்போது சுமார் 5 சென்ரிமீற்றர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். வளர்ந்தால் 45 கிலோவையும் தாண்டக்கூடும். ரஷ்ய ஆமை 20 சென்ரிமீற்றருக்கு மேல் போவது அரிது. எந்த இனம் என்று தெரியாமல் கூடு அமைக்கக் கூடாது. கீழே தரும் அளவுகள் சல்காட்டாக் குஞ்சுக்கு உரியவை. நட்சத்திர ஆமைக் குஞ்சுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வேறு இனமானால் மிருக வைத்தியரிடம் கேட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

ஓடு ஏன் கூம்புகிறது?

ஆமையின் ஓடு சட்டை அல்ல, உடம்பு. கீழே எலும்பு, மேலே எமது நகத்தைப் போன்ற கெரட்டின் தகடு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒட்டியே இருக்கின்றன. தொட்டால் அதற்கு உணர்வு உண்டு. தகடுகளின் ஓரத்தில் புதிய வளர்ச்சி சேர்ந்து சேர்ந்துதான் ஓடு பெரிதாகிறது. அந்தப் புதிய வளர்ச்சி காய்ந்துபோனால் அகலமாகப் பரவாமல் மேல்நோக்கி எழும்புகிறது. ஒவ்வொரு தகடும் சிறிய கோபுரம் போல நிற்கிறது.

"பாலைவனத்துப் பிராணிதானே, காய்ந்த இடத்தில் வைத்தால் போதும்" என்பது நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்த புத்திமதி. ஓடு கூம்புவதற்குப் புரதம் கூடிய உணவே காரணம் என்றும் நம்பப்பட்டது. வியன்னாவில் மிருக வைத்திய ஆய்வாளர்கள் 50 சல்காட்டாக் குஞ்சுகளை ஐந்து மாதங்கள் வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். 2003 இல் வெளிவந்த முடிவு, புரதத்தின் பங்கு சிறிது, காற்றின் வரட்சியே முக்கிய காரணம் என்பது. காய்ந்த காற்றில் வளர்ந்த குஞ்சுகளின் ஓடே அதிகம் கூம்பியது.

இது இயற்கைக்கு முரணானது அல்ல. காட்டிலே குஞ்சுகள் வெயிலில் திரிவது குறைவு. பற்றை அடியிலும் வேர் இடுக்கிலும் வளையிலும் ஒதுங்கிக் கிடக்கும். அங்கே மண் ஈரமாக இருக்கும். எமது வீட்டிலோ குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்துகிறது. அதற்கு மேல் ஒரு மின்குமிழும் எரிந்தால் கூடு செங்கற் சூளை போலாகிவிடும். கோடையிலும் சான் ரமோன் பள்ளத்தாக்கு கடற்கரைப் பக்கம் போல ஈரமானதல்ல. பகல் வெப்பம் 90 பாகை பரனைற்றைத் தாண்டுவது சாதாரணம். காற்றில் ஈரம் இராது.

அப்படியானால் தண்ணீரை ஊற்றி விட்டால் சரியா? இல்லை. ஈரம் இருந்து சூடு இல்லாவிட்டால் ஓட்டிலே அழுகல் பிடிக்கும், நெஞ்சிலே சளி கட்டும். வரட்சியும் சூடும் ஓட்டைக் கூம்ப வைக்கும். ஈரமும் குளிரும் அழுக வைக்கும். ஈரமும் சூடும் சேர்ந்திருந்தால்தான் குஞ்சு நன்றாக வளரும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கிவிடும்.

கூடு அமைக்கும் முறை

துணி வைக்கும் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஆரம்பத்துக்குப் போதும். 4 அடி நீளம், 2 அடி அகலம் இருந்தால் நல்லது. பக்கங்கள் உள்ளே தெரியாதவையாக இருக்க வேண்டும். கண்ணாடி என்றால் என்னவென்று ஆமைக்கு விளங்காது. வெளியே போகலாம் என்று நாள் முழுவதும் முட்டிக்கொண்டே இருக்கும். மேற்பகுதியின் பெரும்பங்கு மூடியிருக்க வேண்டும். திறந்த பெட்டியில் ஈரமும் நில்லாது, சூடும் நில்லாது. விளக்குக்குப் பக்கத்தில் வரும் மூடி உருகாத பொருளாக இருக்கட்டும்.

அடியில் பரப்ப மிகவும் நல்லது தென்னந்தும்புத் தூள். செல்லப்பிராணிக் கடையில் அழுத்திய கட்டியாக விற்கிறார்கள். பொதியைத் திருப்பிப் பார்த்தால் இலங்கை அல்லது இந்தியா என்று பெரும்பாலும் இருக்கும். இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, பிழிந்து, 3 முதல் 4 அங்குல ஆழத்துக்குப் பரப்புங்கள். கையில் அள்ளி இறுக்கினால் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். மணல், சீடர் மரச் சீவல், பைன் மரச் சீவல் ஆகியவை வேண்டாம். மணலை விழுங்கினால் குடல் அடைக்கும். வாசனையுள்ள மரச் சீவல் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது.

நீர் ஊற்றும்போது நடுவில் தெளிக்காமல் நான்கு மூலைகளிலும் ஊற்றுங்கள். அடிப்படை ஈரமாகும், மேற்படை ஓரளவு உலர்ந்தே இருக்கும். ஆமையின் வயிறு நாள் முழுவதும் சேற்றில் கிடக்காது. அடிப்பக்கத்துப் புள்ளிகள் பலவும் இந்த ஒரு மாற்றத்தாலேயே வராமல் தடுக்கப்படும்.

ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தால் அதுவே வளை. பூச்சாடிக்குக் கீழே வைக்கும் மண் தட்டில் குடிதண்ணீர் வையுங்கள். குஞ்சு உள்ளே இறங்கி ஏறக் கூடிய ஆழம் போதும்.

கூட்டின் ஒரு முனையில் குளிர்காயும் விளக்கு. அதற்கு நேர் கீழே 95 பாகை பரனைற், அதாவது 35 பாகை செல்சியஸ். மற்றைய முனை 80 முதல் 85 பாகை பரனைற். இரவிலும் 80க்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒளி தராத பீங்கான் சூடாக்கியை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவியோடு இரவில் பொருத்தலாம். காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 வீதம். இவற்றைக் கையால் தொட்டு அறிய முடியாது. இலக்க வெப்பமானியும் ஈரப்பதமானியும் சேர்ந்த சிறிய கருவி ஒன்று அவசியம். சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள். அது அடியோட்டைச் சுட்டுவிடும், வாங்காதீர்கள். விளக்கைக் கவ்வியில் மட்டும் நம்பித் தொங்கவிடாமல் கம்பியாலோ சங்கிலியாலோ கட்டுங்கள். தும்பின் மேலோ பிளாஸ்ரிக்கின் மேலோ விளக்கு விழுந்தால் தீப்பிடிக்கும். தொடர்மாடி வீட்டில் அது எமது வீட்டோடு நில்லாது.

சூட்டு விளக்கு வேறு, சூரியக் கதிருக்கான விளக்கு வேறு. புற ஊதா 'பி' கதிர் இல்லாவிட்டால் ஆமையின் உடலில் டி3 உயிர்ச்சத்து உண்டாகாது, கல்சியம் எலும்பில் ஏறாது, ஓடு மெதுமையாகிவிடும். யன்னலோரத்தில் வைத்தால் வெயில் படுகிறதே என்று நினைக்க வேண்டாம். யன்னற் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நீளமான குழாய் விளக்கு வாங்கி, பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தில் பொருத்துங்கள். ஒளி எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் காலப்போக்கில் குறையும். வாங்கிய திகதியை எழுதி ஒட்டி, உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

சான் ரமோனில் இளவேனிலிலும் கோடையிலும் காலை வெயில் அருமையான மருந்து. 15, 20 நிமிடங்கள் வெளியே விடலாம். பாதி நிழல் இருக்க வேண்டும், மேலே வலை மூட வேண்டும், ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காகத்துக்கும் ரக்கூனுக்கும் குஞ்சு ஒரு வாய் இரை. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே வெந்துவிடும். மார்கழி, தை இரவுகளில் இங்கே 40 பாகை பரனைற் வரை குளிர்கிறது. சல்காட்டாவும் நட்சத்திர ஆமையும் குளிர்காலத்தில் உறங்கிக் கழிக்கும் இனங்கள் அல்ல. அந்தக் குளிர் அவற்றுக்கு நோய்.

குளிப்பாட்டல்

குஞ்சுக்குத் தினமும் குளிப்பு வேண்டும். ஆழமில்லாத பேசினில் இளஞ்சூட்டு நீர், மேலோடும் அடியோடும் சேரும் இடம் வரைதான். தலை எப்போதும் நீருக்கு மேலே இருக்க வேண்டும். 15 முதல் 30 நிமிடம் விட்டால் குடிக்கும், கழிக்கும். நீர் ஆறினால் மாற்றுங்கள். பிள்ளையை மட்டும் காவல் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டாம். எடுத்தவுடன் மெல்லிய துவாயால் ஒற்றி, சூடான கூட்டில் விடுங்கள். சவர்க்காரம் தேவையில்லை. ஒட்டியிருக்கும் அழுக்கைப் பழைய மெதுமையான பற்தூரிகையால் துடைக்கலாம். சிறுநீரோடு வெள்ளையாக ஒன்று வரும். பற்பசை போல இருந்தால் நலம். மணல் போல இறுகியிருந்தால் உடம்பில் நீர் போதவில்லை.

எது இயல்பு, எது நோய்?

கால், கழுத்துத் தோல் மெல்லிய கடதாசி போலத் துண்டு துண்டாக உரிவது வளர்ச்சி. பிய்த்து இழுக்க வேண்டாம். குளிப்பில் தானே போய்விடும். தகடுகளுக்கிடையே வெளிறிய கோடு தெரிந்தால் அது புதிய வளர்ச்சி. பூஞ்சணம் என்று எண்ணித் தேய்த்துவிடாதீர்கள். பிறந்த குஞ்சின் வயிற்று நடுவே இருக்கும் வடு, கரு ஒட்டியிருந்த இடம். அதையும் கிள்ளக் கூடாது.

ஓட்டிலே குழி விழுதல், தகடு கிளம்புதல், தொட்டால் மெத்தென்றிருத்தல், கெட்ட மணம், கசிவு ஆகியவை அழுகலின் அடையாளம். அடியோட்டில் செம்மை பரவினால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். மாதங்கள் சென்றும் ஓடு விரலுக்கு அமுங்கினால் கதிரும் கல்சியமும் போதவில்லை. மூக்கில் குமிழி வருதல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், கண் வீங்கி மூடியிருத்தல் ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. கண் உட்குழிந்து தோல் தொய்ந்திருந்தால் நீர் வற்றியிருக்கிறது.

எண்ணெய் பற்றி ஒரு சொல். எமது பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நல்லது. ஆமைக்கு நல்லெண்ணெயும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். ஓடு பளபளக்கும், அவ்வளவுதான். எண்ணெயில் தூசியும் தும்பும் ஒட்டிக் கிருமிக்கு இடம் கொடுக்கும். ஓட்டுக்குத் தேவையான ஈரம் தண்ணீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும். வர்ணமும் பூச வேண்டாம்.

உணவில் புல், டன்டிலையன் இலை, முசுக்கொட்டை இலை, செவ்வரத்தை இலையும் பூவும், முள் நீக்கிய நாகதாளி மடல் ஆகியவை நல்லவை. மருந்தடித்த புல்லாக இருக்கக் கூடாது. சோறு, பாண், இறைச்சி, நாய் உணவு வேண்டாம். சல்காட்டாவுக்குப் பழமும் வேண்டாம். கணவாய் ஓடு ஒன்றைக் கூட்டில் போட்டு வைத்தால் கல்சியத்துக்காகத் தானே கடிக்கும். கலிபோர்னியாத் தெருவோரங்களிலும் வளவுகளிலும் அழகுக்கு வளர்க்கும் அலரி கடும் நஞ்சு. அதன் ஓர் இலைகூட வாயில் படக் கூடாது.

கழிவைத் தினமும் அகற்றுங்கள். தும்புத் தூளைச் சில மாதங்களுக்கொரு முறை முழுவதும் மாற்றி, பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள்.

எமது வீட்டாரின் சுகம்

நல்ல சுகமாக இருக்கும் ஆமையின் உடலிலும் சல்மொனல்லாக் கிருமி இருக்கக்கூடும். ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். இதனால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்க அரசு 1975 இல் தடை செய்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ, 65 வயது தாண்டிய அப்பப்பா, அம்மம்மாவோ, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவரோ வீட்டில் இருந்தால் ஆமை வளர்ப்பதையே தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமையின் பேசின் ஆமைக்கு மட்டும். குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம். குளிப்பாட்டிய நீரை மலசலகூடத்தில் ஊற்றுங்கள்.

சட்டமும் வைத்தியமும்

நாம் புதிதாகக் குடியேறியவர்கள். தெரியாமல் செய்தோம் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. கலிபோர்னியாவின் பாலைவன ஆமை 1972 முதல் மாநிலத்தின் ஊர்வன சின்னம். அதன் தொகை குறைந்ததால் 1990 இல் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. 2024 இல் மாநிலம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உயர்த்த முடிவு செய்தது. காட்டிலிருந்து எடுப்பதும், வாங்குவதும், விற்பதும் குற்றம். ஏற்கனவே வீடுகளில் வளர்ந்தவற்றை மாநில மீன், வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதியோடு தத்தெடுக்கலாம். கலிபோர்னியா டேர்ட்டில் அன்ட் டோர்ட்டஸ் கிளப் அதற்கு உதவுகிறது. லாஸ் வேகாஸ் போகும் வழியில் மொகாவேப் பாலைவனத்தில் ஓர் ஆமையைக் கண்டால் படம் எடுத்துவிட்டுப் போய்விடுங்கள். தூக்கினால் பயத்தில் சிறுநீர் கழித்துவிடும். கோடை முழுவதற்கும் அது சேமித்த தண்ணீர் அது. அதை இழந்த ஆமை தாகத்தில் சாகக்கூடும்.

வன்னியிலும் மன்னாரிலும் நாம் கண்ட நட்சத்திர ஆமையும் அப்படியே. 2019 முதல் அது சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்ட முதலாம் பட்டியலில் இருக்கிறது. ஊர் நினைவாக ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வரலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். ஆமைக்கும் ஆபத்து, உங்கள் குடிவரவு வழக்குக்கும் ஆபத்து.

வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றிய பகுதியை வாசித்து, அனுமதியை எழுத்தில் பெறுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா வைத்தியர்களும் ஆமை பார்ப்பதில்லை. ஊர்வன, ஈரூடக வாழ்வன வைத்தியர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. அதன் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, நோய் வருமுன்னரே ஒருவரைத் தெரிந்து வையுங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மிருக வைத்தியசாலையிலும் இவ்வகைப் பிராணிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

கடைசியாக, பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தரையாமை பல பத்தாண்டுகள் வாழும். இன்று எட்டு வயதுப் பிள்ளை வளர்க்கும் சல்காட்டா, அந்தப் பிள்ளை பேரப்பிள்ளை காணும் காலத்திலும் உயிரோடு இருக்கலாம். அப்போது அதற்கு ஒரு வளவே வேண்டும். வளர்த்துவிட்டு வைக்க இடமில்லாமல் கைவிடப்பட்ட ஆமைகள் இந்த மாநிலத்தில் ஏராளம். இடமில்லை என்று தோன்றினால் குஞ்சாக இருக்கும்போதே ஆமைக் கழகத்தினரோடு கதையுங்கள். ஒருபோதும் மலையிலோ ஓடைக்கரையிலோ கொண்டுபோய் விடாதீர்கள்.

வளர்ப்பது என்று முடிவு செய்தால் ஒரு கொப்பி வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறை, தினமும் காலையும் மாலையும் வெப்பம், ஈரப்பதம். இந்த மூன்று இலக்கங்களை ஒழுங்காக எழுதும் வீட்டில், ஓட்டிலோ தோலிலோ மாற்றம் கண்ணுக்குத் தெரியுமுன்னரே கொப்பியில் தெரிந்துவிடும். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள்.

உங்கள் கேள்விகளை வழமைபோல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.